டிஜிட்டல் எஸ்ஏடி: 3000 வார்த்தைப் பட்டியலை உருப்போட்டும் முதல் கேள்விகளிலேயே கோட்டை விடுவது ஏன்?

#1 – பனித்துளி

வணக்கம். தங்கை பிளஸ் ஒன் படிக்கிறாள். மார்ச் எஸ்ஏடிக்கு (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) பதிவு செய்தாயிற்று, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கையில் 3000 வார்த்தை உள்ள ஒரு பிடிஎஃப். நாளுக்கு 50 வீதம் ஆங்கிலம், எதிரே தமிழ் என்று எழுதி உருப்போடுகிறாள். அர்த்தம் கேட்டால் டக்கென்று சொல்கிறாள். ஆனால் எஸ்ஏடி எழுதும் ப்ளூபுக் செயலியில் பிராக்டிஸ் டெஸ்ட் எழுதினால், ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதியின் முதல் ஐந்தாறு கேள்விகளிலேயே இரண்டு மூன்று போய்விடுகிறது. அதிலும் நான்கு ஆப்ஷனும் தெரிந்த வார்த்தையாக இருக்கும் கேள்வியில்தான் தப்பு. பட்டியலை மாற்றணுமா, படிக்கும் விதத்தை மாற்றணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 – திண்ணை வாத்தியார்

இரண்டையும் மாற்றணும். அதற்கு முன் தேர்வின் அமைப்பைப் பார்த்துவிடுங்கள்.

ரீடிங் அண்ட் ரைட்டிங்கில் 54 கேள்வி, 64 நிமிடம். 27 கேள்வி, 32 நிமிடம் என இரண்டு மாட்யூல். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஒரு குட்டிப் பத்தி, 25 முதல் 150 வார்த்தை வரை. ஒவ்வொரு மாட்யூலும் 'வேர்ட்ஸ் இன் கான்டெக்ஸ்ட்' (பத்திக்குப் பொருந்தும் சொல்லையோ, பத்தியில் ஒரு சொல்லின் பொருளையோ கேட்பது) கேள்விகளோடுதான் தொடங்கும், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். முதல் மாட்யூலில் எடுக்கும் மதிப்பெண்தான் இரண்டாவது மாட்யூல் கடினமாக வருமா எளிதாக வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்த முதல் ஐந்தாறு கேள்வியை லேசாக எண்ண வேண்டாம்.

இப்போது அந்த 3000 பட்டியல். அது எந்தக் காலத்துச் சரக்கு என்று பாருங்கள். எஸ்ஏடியில் எதிர்ச்சொல் கேள்வி 1994-இலேயே போய்விட்டது. 'அனாலஜி' (சொல் ஜோடிகளின் உறவை ஒப்பிடுவது) 2005-இல் போனது. கடினமான வார்த்தைகளை வைத்து மிரட்டிய 'சென்டன்ஸ் கம்ப்ளீஷன்' (வாக்கியத்தை நிரப்புவது) 2016 மார்ச்சில் தேர்வு மாறியபோது போனது. இணையத்தில் சுற்றும் பெரிய பட்டியல்கள் பலவும் அந்தப் பழைய தேர்வுகளுக்காகத் தொகுத்தவை. அன்று ஒரு வார்த்தையின் பொருள் தெரிந்தாலே மார்க் கிடைத்தது. இன்று கேள்வி வேறு: 'இந்தப் பத்தியின் தர்க்கத்துக்கு மிகப் பொருத்தமான, மிகத் துல்லியமான சொல் எது?' தர்க்கம், துல்லியம் இரண்டையும் சோதிக்கிறார்கள். ஒற்றைச் சொல் எதிரே ஒற்றைச் சொல் என்று எழுதிப் படிப்பது இரண்டுக்குமே உதவாது.

நாளை முதல் ஒரு வேலை. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: அவள் தேர்ந்தெடுத்தது, சரியான விடை, விடையைக் காட்டிக்கொடுத்த துப்பு (பத்தியிலிருந்து அப்படியே மூன்று நான்கு வார்த்தை), தப்பின் காரணம். காரணம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்:

அ) வார்த்தையே தெரியாது.
ஆ) வார்த்தை தெரியும், பத்தியில் இருந்த துப்பைக் கவனிக்கவில்லை.
இ) தோராயமான பொருள் மட்டும் தெரியும்.
ஈ) வார்த்தையின் வேறொரு பொருள் மட்டும் தெரியும்.

நாற்பது தப்பு சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். 'அ' அதிகமென்றால்தான் புதுப் பட்டியல் தேவை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆ, இ இரண்டும்தான் அதிகமாக வரும் என்று நினைக்கிறேன்.

#3 – வேர்ச்சொல்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் வார்த்தை வளம் என்ற அடித்தளம் இல்லாமல் துப்பை மட்டும் பிடித்து என்ன செய்வது? 3000-ஐ உருப்போடுவதற்குப் பதில் லத்தீன், கிரேக்க வேர்கள் ஒரு 60, முன்னொட்டுகள் ஒரு 25 படித்தால் போதும், நூற்றுக்கணக்கான வார்த்தைகள் திறந்துகொள்ளும். 'பெனி' நல்லது, 'மால்' கெட்டது, 'க்ரெட்' நம்புதல், 'லோக்' பேசுதல், 'சர்கம்' சுற்றி, 'க்ரான்' காலம், 'வெர்' உண்மை. 'சர்கம்வென்ட்' என்ற சொல்லை இதற்கு முன் பார்த்திராத மாணவரும், 'சுற்றிக்கொண்டு வருவது' என்பதிலிருந்து 'தடையைத் தாண்ட மாற்றுவழி பிடிப்பது' வரை வந்துவிடலாம்.

#4 – மயிலை வாசகி

வேர்கள் நினைவில் நிறுத்த உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வு அறையில் வேரை வைத்துப் பொருளை ஊகித்தால் ஆபத்து. சில உதாரணம்:

'எனர்வேட்' என்றால் சக்தியூட்டுவது இல்லை, சக்தியை உறிஞ்சுவது. 'ரெஸ்டிவ்' என்றால் ஓய்வாக இருப்பது இல்லை, கட்டுக்கடங்காமல் நிலைகொள்ளாமல் இருப்பது. 'நாய்சம்' சத்தம் பற்றியது அல்ல, நாற்றம் பற்றியது. 'மெரட்ரிஷஸ்' மெரிட் உள்ளது அல்ல, பகட்டாக மினுக்கிக்கொண்டு உள்ளே ஒன்றுமில்லாதது. 'இன்' என்ற முன்னொட்டே இரண்டு வேலை செய்கிறது. 'இன்கோஹெரன்ட்' என்பதில் 'இல்லை', 'இன்ஹெரன்ட்' என்பதில் 'உள்ளே'. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது என்று குறித்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. அது விலைமதிப்பற்றது.

முதலில் அகராதியில் பொருளைப் பார்க்கணும், பிறகு 'ஓ, இந்த வேரா' என்று முடிச்சுப் போடணும். இந்த வரிசை மாறக் கூடாது.

#5 – வேர்ச்சொல்

ஏற்றுக்கொள்கிறேன். வரிசை நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். கூடவே ஒன்று: பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும் ஜோடிகளுக்குத் தனிப் பக்கம் வேண்டும். 'எலிசிட்' (வரவழைப்பது), 'இல்லிசிட்' (சட்டத்துக்குப் புறம்பானது). 'அவர்ஸ்' (விருப்பமில்லாத), 'அட்வர்ஸ்' (பாதகமான). 'ப்ரிஸ்க்ரைப்' (விதிப்பது), 'ப்ரோஸ்க்ரைப்' (தடை செய்வது). 'இன்ஜீனியஸ்' (புத்திசாலித்தனமான), 'இன்ஜென்யுவஸ்' (கள்ளங்கபடமற்ற). 'டிஸ்க்ரீட்' காதுக்கு ஒன்றாகவே கேட்கும், எழுத்தில்தான் வித்தியாசம்: 'டி'க்கு முன்னும் பின்னும் 'இ' வந்தால் (discrete) 'தனித்தனியான', இரண்டு 'இ' சேர்ந்து வந்தால் (discreet) 'அடக்கமான, வெளிக்காட்டாத'.

#6 – பனித்துளி

எல்லோருக்கும் நன்றி. நோட்டு போடச் சொல்லிவிட்டேன். 'துப்பு' என்று சொல்வதை ஒரு கேள்வியை வைத்தே காட்ட முடியுமா? அவளிடம் சொன்னால் 'பத்தி முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்' என்கிறாள்.

#7 – மயிலை வாசகி

காட்டலாம். தேர்வுக் கேள்வியின் அச்சில் நானே எழுதியது, தமிழில் தருகிறேன்:

*'ஆழ்கடல் பவளங்களின் வளர்ச்சி வேகம் குறித்த ஆரம்பகால முடிவுகள் மிகச் சில மாதிரிகளை மட்டும் வைத்து எட்டப்பட்டவை. எனவே அவற்றை இறுதியானவை என்று கொள்ளாமல் ______ என்று கொள்வதே சரி என்கிறார்கள் ஆய்வாளர்கள். மாதிரிகள் கூடும்போது அவை மாறக்கூடும்.'*

ஆப்ஷன்கள்: டெஃபினிட்டிவ், ஆர்பிட்ரரி, டென்டட்டிவ், ரிடண்டன்ட்.

முதல் விதி: ஆப்ஷன் பக்கம் கண்ணே போகக் கூடாது. கோடிட்ட இடத்தில் என்ன வரணும் என்று நம் சொந்த வார்த்தையில் முதலில் சொல்லணும். இங்கே மூன்று துப்பு இருக்கிறது. 'மிகச் சில மாதிரிகள்', 'இறுதியானவை என்று கொள்ளாமல்', 'மாறக்கூடும்'. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன: 'தற்காலிகமான, இன்னும் உறுதிப்படாத'. இதைச் சொல்லிவிட்டு ஆப்ஷனுக்குப் போனால் 'டென்டட்டிவ்' தவிர வேறெதுவும் ஒட்டாது.

ஆப்ஷனை முதலில் பார்த்தவர் எங்கே விழுவார்? 'ஆர்பிட்ரரி'யில். பத்தி அந்த முடிவுகளைக் குறை சொல்கிற தொனியில் இருக்கிறது, 'ஆர்பிட்ரரி'யும் குறை சொல்லும் வார்த்தை, பொருந்துவது போலவே தெரியும். ஆனால் 'ஆர்பிட்ரரி' என்றால் காரணமில்லாமல் மனம்போன போக்கில் முடிவெடுத்தது. ஆய்வாளர்கள் மனம்போன போக்கில் முடிவெடுத்தார்கள் என்று பத்தி எங்கேயும் சொல்லவில்லை, மாதிரி குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது. தொனி ஒத்துப்போனால் போதாது. விடைக்குப் பத்தியில் ஆதாரம் விரல்வைத்துக் காட்டும்படி இருக்கணும்.

இன்னொரு வகைப் பொறி:

*'புதிய அகழாய்வுத் தரவுகள் அந்தக் கருதுகோளை ஹார்ட்லி ______. சொல்லப்போனால் அதைப் பலவீனப்படுத்தவே செய்கின்றன.'*

ஆப்ஷனில் 'அண்டர்மைன்', 'கரோபரேட்' இரண்டும் இருக்கும். பத்தியின் போக்கு கருதுகோளுக்கு எதிரானது, ஆகவே 'அண்டர்மைன்' என்று கை தானாகப் போகும். ஆனால் 'ஹார்ட்லி' ஏற்கெனவே எதிர்மறை. அதன் பின்னால் 'ஆதரிப்பது' வந்தால்தான் 'அநேகமாக ஆதரிக்கவில்லை' என்று வாக்கியம் நிற்கும். விடை 'கரோபரேட்'. ஹார்ட்லி, ஃபார் ஃப்ரம், பை நோ மீன்ஸ், எனிதிங் பட், ஃபெய்ல் டு, ரேர்லி: இந்த ஆறில் எது வந்தாலும் ப்ளூபுக்கில் அந்த இடத்தை ஹைலைட் செய்துவிட்டுத்தான் மேலே போகணும்.

முழுக்கப் படிப்பதில் தங்கச்சியிடம் குறை இல்லை. படித்து முடித்ததும் சொந்த வார்த்தை சொல்லாமல் ஆப்ஷனுக்குத் தாவுகிறாள் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து, ஆப்ஷனைக் காகிதத்தால் மறைத்து, ஒரு இருபது கேள்வி செய்ய வைத்துப் பாருங்கள்.

#8 – திண்ணை வாத்தியார்

அந்த இருபது கேள்விக்கு பிராக்டிஸ் டெஸ்டைச் செலவழிக்காதீர்கள். ப்ளூபுக்கில் முழுநீளத் தேர்வுகள் எண்ணிக்கையில் குறைவு, மூன்று மாதத்துக்குப் பங்கிட்டு வைத்துக்கொள்ளணும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்திலேயே இலவசக் கேள்வி வங்கி இருக்கிறது. எஸ்ஏடி, ரீடிங் அண்ட் ரைட்டிங், 'க்ராஃப்ட் அண்ட் ஸ்ட்ரக்சர்' என்று தேர்ந்தெடுத்து, திறன் இடத்தில் 'வேர்ட்ஸ் இன் கான்டெக்ஸ்ட்' மட்டும் வைத்து, கடினம் என்று வடிகட்டுங்கள். நடப்பு பிராக்டிஸ் டெஸ்ட்களில் உள்ள கேள்விகளை விலக்கும் வசதியும் அங்கே உண்டு. அதைக் கட்டாயம் அழுத்துங்கள், இல்லாவிட்டால் பிறகு முழுத் தேர்வு எழுதும்போது பார்த்த கேள்வியே வந்து மதிப்பெண் பொய் சொல்லும்.

#9 – அட்டைப்பெட்டி

நாளுக்கு 50 என்பது ஏன் நிற்காது என்று ஒரு கணக்கு.

ஒரு வார்த்தையைப் படித்த பிறகு 1, 3, 7, 16-ஆம் நாளில் திரும்பப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 50 புது வார்த்தை என்றால், மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் 50 புதுசு, 200 பழசு. வார்த்தைக்கு ஓர் அட்டை, அட்டைக்கு 10 விநாடி என்றாலும் 42 நிமிடம். அதுவும் ஒன்றுகூட மறக்காமல் இருந்தால். மறந்தது மீண்டும் முதல் நாளுக்குப் போகும், மலையாகக் குவியும். அந்த இடத்தில் எல்லோரும் பழசைத் திருப்புவதை விட்டுவிட்டுப் புதுசை மட்டும் எழுதிக்கொண்டே போகிறார்கள். நோட்டு நிரம்பும், தலையில் நிற்காது.

நாளுக்கு 10 என்றால் 10 புதுசு, 40 பழசு. திருப்புதல் எட்டு ஒன்பது நிமிடத்தில் முடியும். மிச்ச நேரத்தை அட்டையை ஒழுங்காக எழுதுவதில் செலவிடலாம். வாரம் 6 நாள், 10 வாரம், 600 வார்த்தை. கடைசி இரண்டு வாரம் புதுசே வேண்டாம், திருப்புதல் மட்டும்.

அட்டை எப்படி இருக்கணும்:

முன்பக்கம் வார்த்தை எழுதாதீர்கள். வார்த்தை இருந்த இடத்தில் கோடு போட்ட ஒரு முழு ஆங்கில வாக்கியம், வார்த்தையின் முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் வார்த்தை, எளிய ஆங்கிலத்தில் ஏழெட்டு சொல்லுக்குள் பொருள், அது வழக்கமாகச் சேர்ந்து வரும் இரண்டு துணைச்சொல், நல்ல தொனியா கெட்ட தொனியா நடுநிலையா என்று ஒரு குறி. தமிழ்ப் பொருள் வேண்டுமென்றால் மூலையில் சின்னதாக.

காகித அட்டைக்கு ஐந்து பெட்டி போதும். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய முறை. முதல் பெட்டி தினமும், இரண்டாவது ஒன்றுவிட்டு ஒருநாள், மூன்றாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டி, தப்பினால் எந்தப் பெட்டியிலிருந்தாலும் முதல் பெட்டி.

#10 – கொங்கு நாட்டான்

ஆன்கி (அட்டைகளை நாள் பார்த்துத் திருப்பிக் காட்டும் செயலி) இருக்கும்போது பெட்டி எதற்குங்க? கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் காசு. அமைப்பில் மூன்று மாற்றம் செய்யுங்க. புது அட்டை வழக்கமாக 20 என்று இருக்கும், 10 ஆக்குங்க. எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புது அட்டவணை முறையை இயக்குங்க, நினைவு விகிதம் 0.90 என்று இருப்பதை அப்படியே விடுங்க. 0.97 என்று ஏற்றினால் திருப்புதல் பல மடங்காகும், பலன் அந்த அளவுக்கு இல்லை. மூணாவது, 'லீச்': எட்டு முறை மறந்த அட்டையை, அட்டைப்பூச்சி போல ஒட்டிக்கொண்டு நேரத்தை உறிஞ்சுவதாக ஆன்கி குறித்துவிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். அதை அப்படியே தொடராதீங்க. அழித்துவிட்டு வேறு வாக்கியம் வைத்துப் புது அட்டை எழுதுங்க. எட்டு முறை மறந்தது என்றால் பெரும்பாலும் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். கோட்டில் எந்த வார்த்தை போட்டாலும் பொருந்துகிற மாதிரி மொட்டையாக இருக்கும்.

யாரோ செய்து வைத்த 5000 அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதீங்க. வார்த்தையும் பொருளும் மட்டும்தான் இருக்கும், மறுபடி அதே பிடிஎஃப் கதை.

#11 – டெக்சாஸ் தமிழ்

'எந்த 600?' என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

முதல் அடுக்கு: அகடமிக் வேர்ட் லிஸ்ட். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-இல் வெளியிட்டது. 570 சொற்குடும்பம், பத்து உட்பட்டியல், இணையத்தில் இலவசம். எஸ்ஏடிக்காகச் செய்தது இல்லை. ஆனால் எஸ்ஏடிப் பத்திகள் பெரும்பாலும் ஆய்வுச் சுருக்கம் போலத்தான் இருக்கும், அதன் முதுகெலும்பு இந்தச் சொற்கள்தான். ஆம்பிகுவஸ், ஆர்பிட்ரரி, கோஹெரன்ட், இன்ஹெரன்ட், இன்ட்ரின்சிக் எல்லாம் இதில் உண்டு. முதல் சில உட்பட்டியலில் பாதிக்குமேல் அவளுக்குத் தெரிந்ததாக இருக்கும், வேகமாகக் கழித்துக் கட்டலாம்.

இரண்டாவது அடுக்கு: ஒரு கருத்து ஆதாரத்தோடு எப்படி மோதுகிறது என்று சொல்லும் வினைச்சொற்கள். கரோபரேட், சப்ஸ்டான்ஷியேட், போல்ஸ்டர், அண்டர்ஸ்கோர் ஒரு பக்கம். ரெஃப்யூட், அண்டர்மைன், ரெபுடியேட் மறுபக்கம். போசிட், கன்ஜெக்சர், ஸ்பெகுலேட், கன்சீட், ப்ரிக்லூட் நடுவில். இவை திரும்பத் திரும்ப வரும். இதில் ஒரு நாற்பது சொல் கைவசமாகிவிட்டால் வேர்ட்ஸ் இன் கான்டெக்ஸ்ட் மட்டுமில்லை, ஆதாரம் கேட்கும் கேள்விகளும் சுலபமாகும்.

மூன்றாவது, என் கணக்கில் நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியம்: தெரிந்த வார்த்தை, தெரியாத பொருள். வாத்தியார் சொன்ன 'ஈ' வகை. நம்மூரில் 'ரிசர்வேஷன்' என்றால் ரயில் டிக்கெட் அல்லது இட ஒதுக்கீடு. பத்தியில் ஒரு விஞ்ஞானிக்கு 'ரிசர்வேஷன்ஸ்' இருக்கிறது என்றால் முழு மனதாக ஒப்புக்கொள்ளாத தயக்கம். 'காம்ப்ரமைஸ்' நமக்குச் சமரசம். அங்கே ஒரு மாதிரி 'காம்ப்ரமைஸ்ட்' என்றால் கெட்டுப்போனது. 'டவுட்' கேட்பது நமக்குச் சந்தேகம் தீர்க்கக் கேள்வி கேட்பது, அங்கே நம்பாமல் இருப்பது. 'குவாலிஃபைட் சப்போர்ட்' தகுதியுள்ள ஆதரவு இல்லை, நிபந்தனையோடு கூடிய ஆதரவு. இன்னும்: நாவல் (புதுமையான), செக் (கட்டுப்படுத்து), அரெஸ்ட் (நிறுத்து), டெம்பர் (வேகத்தைக் குறை), என்டர்டெய்ன் (ஒரு யோசனையைப் பரிசீலி), எக்ஸாக்ட் (வற்புறுத்தி வசூலி), பெடஸ்ட்ரியன் (சாதாரணமான), சாம்பியன் (ஆதரித்துப் போராடு), வெதர் (தாக்குப்பிடி), சவுண்ட் (நம்பத்தக்க), ஃப்ளாக் (தளர்ந்துபோ). 'சாங்ஷன்' எதிரெதிரான இரண்டு பொருளும் கொண்டது: அனுமதி கொடுப்பது, தண்டனையாகத் தடை விதிப்பது.

இந்தச் சொற்களில் பலவும் 'கடின வார்த்தை' பட்டியல்களில் வராது, சுலபமானவை என்று விட்டுவிடுவார்கள். 'பத்தியில் பயன்படுத்தியபடி இந்தச் சொல் எதற்கு மிக நெருக்கம்?' என்று கேட்கும் இரண்டாவது வகைக் கேள்வி இவற்றின் மேல்தான் நிற்கிறது. அதில் ஆப்ஷனில் அந்தச் சொல்லின் மிகப் பழக்கமான பொருள் ஒன்று கட்டாயம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, அதைக் கடைசியாகத்தான் பரிசீலிக்கணும்.

#12 – மயிலை வாசகி

அருமை. 'இ' வகைக்கும் ஒன்று சேர்க்கிறேன். தமிழ்ப் பொருளை மட்டும் வைத்துப் படிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். மிட்டிகேட், அலீவியேட், அஸ்வேஜ், ப்ளகேட் நான்குக்கும் நோட்டில் 'தணி' என்று எழுதியிருப்பாள். ஆப்ஷனில் இவற்றில் ஏதாவது இரண்டு வந்தால் என்ன செய்வாள்?

மிட்டிகேட் ஆவது ஆபத்து, பாதிப்பு, சேதம். அலீவியேட் ஆவது வலி, வறுமை, நெரிசல். அஸ்வேஜ் ஆவது பயம், குற்ற உணர்வு. ப்ளகேட் செய்யப்படுவது ஆள், கோபமாக இருக்கும் ஆள். வெள்ளத்தின் பாதிப்பை யாரும் ப்ளகேட் செய்ய முடியாது. அட்டைப்பெட்டி சொன்ன 'துணைச்சொல்' வரி இதற்குத்தான், அதை விட்டுவிட்டு அட்டை எழுதினால் பாதி வேலைதான் ஆகிறது. துணைச்சொல் தேட லாங்மன் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லர்னர்ஸ் அகராதி, இரண்டும் இணையத்தில் இலவசம். மாணவர்களுக்காக எழுதியவை என்பதால் விளக்கமே இன்னொரு கடின வார்த்தையாக இருக்காது.

#13 – கொங்கு நாட்டான்

அப்போ 'தணி' குடும்பம் நாலையும் ஒரே நாளில் சேர்த்துப் படிக்கச் சொல்லலாமா? ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்குமே.

#14 – திண்ணை வாத்தியார்

கூடாது. பார்க்க நியாயமாகத் தோன்றும், ஆனால் புதிதாகப் படிக்கும்போது பொருள் நெருங்கிய சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நாலுக்கும் 'ஏதோ தணிப்பது' என்ற ஒரே மங்கலான நினைவுதான் மிஞ்சும். சொற்கற்றல் ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன் இதைப் பற்றி 2000-லேயே எச்சரித்து எழுதியிருக்கிறார்.

ஒருநாளின் பத்து வார்த்தையும் பத்து வெவ்வேறு குடும்பத்திலிருந்து வரட்டும். மிட்டிகேட் இந்த வாரம், அலீவியேட் அடுத்த வாரம், ப்ளகேட் அதற்கடுத்த வாரம். தனித்தனியாக நிலைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் மேசையில் பரப்பி, வாசகி எழுதியது போல வித்தியாசத்தை ஒவ்வொரு வரியில் எழுதட்டும். வேர்ச்சொல் சொன்ன எலிசிட், இல்லிசிட் ஜோடிகளுக்கும் இதே விதி.

#15 – பனித்துளி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். மூன்று கேள்வி பாக்கி. ஒன்று, ஜிஆர்இ பட்டியல் வீட்டில் இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா? இரண்டு, என்ன வாசிக்கச் சொல்வது? மூன்று, தேர்வில் நான்கு ஆப்ஷனில் இரண்டு சுத்தமாகத் தெரியாத வார்த்தை என்றால் என்ன செய்வது?

#16 – டெக்சாஸ் தமிழ்

ஜிஆர்இ வேண்டாம். அது பட்டமேற்படிப்புக்கான தேர்வு. எஸ்ஏடியில் வரவே வாய்ப்பில்லாத சொற்கள் அதில் நிறைய. அந்த நேரத்தில் 'தெரிந்த வார்த்தை, தெரியாத பொருள்' பக்கத்தை இன்னொருமுறை திருப்பலாம்.

வாசிப்பு: தினம் 20 நிமிடம், ஒரே ஒரு கட்டுரை. ஸ்மித்சோனியன் இதழின் இணையக் கட்டுரைகளோ சயின்டிஃபிக் அமெரிக்கனோ எடுத்துக்கொள்ளலாம், அறிவியல், வரலாறு, கலை மூன்றும் கலந்து வரட்டும். வாரம் ஒருநாள் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் (பழைய நூல்களை இலவசமாகத் தரும் தளம்) 19-ஆம் நூற்றாண்டுக் கதையோ கவிதையோ இரண்டு பக்கம். தேர்வில் பழைய இலக்கியப் பகுதிகளும் வரும், அந்த நடைக்குக் கண் பழகியிருக்கணும். வாசிக்கும்போது தெரியாத சொல்லைக் கண்டதும் அகராதிக்கு ஓட வேண்டாம். அடிக்கோடிட்டு, பொருளை ஊகித்துப் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவிட்டுத் தொடரட்டும். முடித்த பிறகு சரிபார்த்து, மூன்று சொல்லை மட்டும் அட்டைக்கு எடுக்கணும். அந்த வாக்கியமே அட்டையின் முன்பக்கம் ஆகிவிடும், தனியாக வாக்கியம் தேட வேண்டியதில்லை.

#17 – மயிலை வாசகி

மூன்றாவதுக்கு நான். துப்பைப் பிடித்து முதலில் சொந்த வார்த்தையைச் சொல்லட்டும். பிறகு தெரிந்த இரண்டு ஆப்ஷனை அதோடு ஒப்பிடட்டும். ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால் அதுதான், தெரியாத இரண்டைப் பற்றிய கவலையே வேண்டாம். தெரிந்த இரண்டும் பொருந்தவில்லையென்றால் அவற்றை ப்ளூபுக்கில் ஏபிசி என்று குறுக்குக் கோடு போட்ட பொத்தானை அழுத்தி அடித்துவிட்டு, மிச்சம் இரண்டில் ஒன்றைப் போடணும். தெரிந்த வார்த்தை 'ஓரளவு' பொருந்துகிறதே என்று அதைப் போட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. பொருந்தாத தெரிந்த சொல்லைவிட, தெரியாத சொல்லுக்கே வாய்ப்பு அதிகம். வேர்ச்சொல் சொன்ன வேர்கள் உதவும் இடமும் இதுதான், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும்.

தப்பு விடைக்கு மார்க் கழிப்பது 2016-இலேயே நின்றுவிட்டது, ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது. ஒரு கேள்விக்குச் சராசரி 71 விநாடி. வேர்ட்ஸ் இன் கான்டெக்ஸ்டுக்கு 40 விநாடி போதும். ஒரு நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒன்றைப் போட்டு, மறுபார்வைக் கொடியை அழுத்திவிட்டு நகரணும். மாட்யூலுக்குள் திரும்பி வரலாம். முதல் மாட்யூலை முடித்து இரண்டாவதுக்குப் போன பிறகு திரும்ப முடியாது.

#18 – வேர்ச்சொல்

நேரம் மிஞ்சித் திரும்பி வந்தால் விடையை மாற்றுவதற்கும் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: முதலில் பார்க்காமல் விட்ட துப்பு ஒன்று பத்தியில் கண்ணில் பட்டால் மட்டும் மாற்றலாம். 'இந்த வார்த்தை இன்னும் கெத்தாக இருக்கிறதே' என்று மாற்றக் கூடாது. மேலே உள்ள பவளக் கேள்வியிலேயே பாருங்கள், 'டென்டட்டிவ்'விலிருந்து 'ஆர்பிட்ரரி'க்கு மாற அந்தப் பத்தியில் ஒரு வார்த்தைகூட ஆதரவு இல்லை.

#19 – பனித்துளி

ஆப்ஷனை மறைத்து இருபது கேள்வி இன்றே தொடங்கிவிட்டோம். தப்பு நோட்டில் நாற்பது சேர்ந்ததும் அ, ஆ, இ, ஈ எண்ணிக்கையை இங்கே பதிகிறேன். அதை வைத்து அடுத்த 10 வாரத்தைப் பங்கிட உதவுங்கள்.

#20 – திண்ணை வாத்தியார்

பதியுங்கள். எண்ணிக்கையோடு, 'ஆ' என்று குறித்த கேள்விகளில் ஐந்தை மட்டும், அவள் எழுதிய துப்போடு சேர்த்துப் போடுங்கள். எதிர்மறைச் சொல்லைத் தவறவிடுகிறாளா, 'ஆனால்', 'இருந்தாலும்' போன்ற திருப்பத்தைத் தவறவிடுகிறாளா, அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் விளக்கத்தைப் படிக்காமல் விடுகிறாளா என்பது அந்த ஐந்திலேயே தெரிந்துவிடும்.